கோயில் திடலில் இலை அள்ள எந்தக் கருவி வாங்குவது?

கேள்வி: ஐயா, வணக்கம். பினாங்கு மாநிலத்தில் புக்கிட் மெர்த்தாஜாம் பக்கம் ஒரு கோயிலின் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். கோயிலைச் சுற்றி ஏறக்குறைய 2 ஏக்கர் புல்தரை. ஓரத்தில் அங்சானா மரம் எட்டு, தூங்குமூஞ்சி மரம் இரண்டு. நன்கொடையாக வந்த சிறிய டிராக்டர் இருக்கிறது. 23 குதிரைத்திறன், அடியில் 54 அங்குல வெட்டும் டெக் (பிளேடுகளை மூடியிருக்கும் கூடு). புல் வெட்டி முடித்துவிடுகிறோம். வெட்டிய புல்லையும் இலையையும் கூட்டி அள்ளத்தான் ஆள் இல்லை. கடையில் மூன்று சாமான் காட்டுகிறார்கள். ஒன்று, வெட்டிய புல்லைப் பையில் சேர்க்கும், டிராக்டருக்குப் பின்னால் தொங்கும் பேகர். இரண்டாவது, இழுத்துப் போகும் பிரஷ் ஸ்வீப்பர். மூன்றாவது, தனி இன்ஜின் வைத்து உறிஞ்சும் வேக்கும் வண்டி. வேக்கும் எல்லாவற்றையும் இழுத்துவிடும் என்கிறார் கடைக்காரர், ஆனால் விலை மற்ற இரண்டையும்விட மிக அதிகம். ஊர்ப் பணம் என்பதால் யோசனையாக இருக்கிறது. எதை வாங்கலாம்?

பதில்: வேக்கும் வேண்டாம். இழுவை ஸ்வீப்பர் ஒன்று வாங்குங்கள். அதோடு உங்கள் டெக்குக்குப் பொருந்தும் மல்ச்சிங் பிளேடும் (புல்லைப் பொடியாக நறுக்கும் பிளேடு), வெட்டிய புல் வெளியேறும் டெக்கின் பக்கவாயை அடைக்கும் தட்டும் வாங்குங்கள். இந்த மூன்றும் சேர்ந்தே வேக்கும் விலைக்குப் பக்கத்தில் வராது.

ஏன் என்று சொல்கிறேன். கருவிகளின் விளம்பரப் படங்களைப் பாருங்கள். எல்லாம் குளிர் நாட்டில், காய்ந்து மொறுமொறுவென்று கிடக்கும் இலையின் மேல் எடுத்தவை. நம் ஊரில் ஜனவரி, பிப்ரவரி தவிர மற்ற மாதங்களில் தரை எப்போது காயும் என்று சொல்ல முடியாது. செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை கேட்கவே வேண்டாம். பிராண்டு, குதிரைத்திறன் எல்லாம் அப்புறம். நனைந்த குப்பையை இந்தக் கருவி என்ன செய்யும் என்பதுதான் பினாங்கில் முதலில் கேட்க வேண்டியது.

ஸ்வீப்பருக்கு இன்ஜின் கிடையாது. வண்டி நகரும்போது அதன் சக்கரமே பல்சக்கரம் வழியாக பிரஷை வேகமாகச் சுற்றுகிறது. பிரஷ் இலையைத் தட்டி எழுப்பிப் பின்னாலுள்ள துணித் தொட்டிக்குள் வீசுகிறது. வேலை அவ்வளவுதான். பழுதாக அதிகம் ஒன்றுமில்லை. காய்ந்த இலைக்கு இதைவிடச் சிக்கனமான கருவி கிடையாது. ஆனால் மழையில் நனைந்த கௌ கிராஸை (நம் திடல்களில் வளரும் அகல இலைப் புல்) வெட்டிப் போட்டுவிட்டு அதை ஸ்வீப்பரால் அள்ளப் பார்த்தால், புல் பிரஷில் அப்பிக்கொண்டு உருண்டையாகத் திரும்பத் தரையிலேயே விழும்.

பேகர் வேறு விதம். டெக்கின் பக்கவாயிலிருந்து ஒரு குழாய் எடுத்துப் பின்னால் இருக்கும் பைகளுக்குக் கொண்டுபோவார்கள். இதில் இரண்டு வகை உண்டு. பிளேடு எழுப்பும் காற்றை மட்டும் நம்பும் வகையில், ஈரப் புல் குழாயின் வளைவில் போய் அடைத்துக்கொள்ளும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இறங்கிக் குழாயைக் கழற்ற வேண்டிவரும். ஊதுவிசிறி வைத்த வகை ஈரத்தையும் ஓரளவு தள்ளிவிடும். ஆனால் அதன் எடை, பைகளின் எடை எல்லாம் டிராக்டரின் பின்பக்கம் ஏறும். மூன்று பைகளும் சேர்ந்து 350 லிட்டர் கொள்ளும் என்றால், ஈரப் புல் நிறைந்ததும் அதுவே 100 கிலோவைத் தொடலாம். முன்பக்கம் எடைக்கட்டி மாட்டாவிட்டால் ஸ்டீயரிங் லேசாகிவிடும். கடைக்காரர் சொன்ன விலையில் அந்த எடைக்கட்டி சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சேர்ந்திருக்காது.

வேக்கும் உண்மையிலேயே பலமான கருவிதான், அதை மறுக்கவில்லை. கோல்ஃப் திடலுக்கும் நகராண்மைக்கும் அது சரி. கோயிலில் அது வருடத்தில் பாதி நாள் சும்மா நிற்கும். தொட்டியிலேயே பெட்ரோல் மாதக்கணக்கில் கிடந்தால் கார்புரேட்டரில் பிசின் படியும். அப்புறம் தைப்பூசத்துக்கு முதல் வாரம் அவசரமாக இழுத்தால் இன்ஜின் பிடிக்காது. டிராக்டர் இன்ஜின் ஒன்றைப் பார்த்துக்கொள்ளவே ஆள் தேடும் இடத்தில் இரண்டாவது இன்ஜின் எதற்கு?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். வெட்டிய புல்லை அள்ளத்தான் வேண்டுமா? வேண்டாம் என்பேன். புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். பொடியாக நறுக்கித் தரையிலேயே விட்டால் சில நாளில் மட்கிக் காணாமல் போகும். புல்தரைக்கு வேண்டிய தழைச்சத்தில் கால் பங்குவரை அதுவே திருப்பிக் கொடுக்கும். மல்ச்சிங் பிளேடு வாங்கச் சொன்னது அதற்குத்தான். ஒரு கட்டுப்பாடு மட்டும் உண்டு. ஒரு தடவைக்குப் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக்கூடாது. மழை மாதங்களில் அதற்கு வாரம் ஒருமுறை வண்டியை எடுக்க வேண்டிவரும். மூன்று வாரம் விட்டுவிட்டு முழங்கால் உயரப் புல்லை ஒரே மூச்சில் வெட்டினால் எந்தப் பிளேடும் உதவாது, வைக்கோல் போல வரிவரியாகக் கிடக்கும்.

ஆக, புல் கணக்கிலிருந்து போய்விட்டது. மிச்சம் இலைதான். அதிலும் உங்கள் தூங்குமூஞ்சி மரத்தின் சிற்றிலைகள் சிறியவைதான். அவை வெட்டும்போதே தூளாகிப் புல்லுக்குள் இறங்கிவிடும். அங்சானாதான் உங்கள் உண்மையான வேலை. நம் வேங்கை மரத்துக்குச் சொந்தக்கார மரம் அது. வறண்ட நாட்களில் இலையை மொத்தமாக உதிர்க்கும், வட்டத் தட்டுப் போன்ற காய்களையும் சேர்த்துத் தள்ளும். நல்லவேளையாக அது உதிர்க்கும் காலமும் ஸ்வீப்பர் நன்றாக ஓடும் காலமும் ஒன்றே. மழை மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விழும் இலையை மேலே சொன்ன பிளேடாலேயே இரண்டு முறை ஓட்டி நறுக்கிவிடலாம்.

தொட்டி எவ்வளவு பெரிதாக வேண்டும் என்பதை நீங்களே அளந்துகொள்ளலாம். இலை அதிகம் விழும் ஒரு நாளில், மரத்தடியில் 10 மீட்டருக்கு 10 மீட்டர் இடத்தைக் கூட்டி, 100 லிட்டர் கறுப்புப் பைகளில் அள்ளுங்கள். ஒரு ஏக்கரில் அப்படி 40 கட்டம் இருக்கும். கட்டத்துக்கு ஒரு பை வந்தால் ஏக்கருக்கு 4,000 லிட்டர். 350 லிட்டர் பேகரில் அது 11, 12 தடவை கொட்டும் வேலை, 700 லிட்டர் ஸ்வீப்பரில் ஆறு தடவை. கொட்டும் இடம் திடலின் மறுகோடியில் இருந்தால் இந்த வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

கோயில் தரை வீட்டுத் தரை மாதிரி இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். மாலை கட்டிய நூல், அலங்காரக் கம்பி, பந்தல் கட்டிய நைலான் கயிறு எல்லாம் புல்லுக்குள் கிடக்கும். அவை பிரஷ் அச்சில் சுற்றி பேரிங்கைத் தின்றுவிடும். சிதறு தேங்காய் ஓடு அதைவிட மோசம். பேகரின் ஊதுவிசிறிக்குள் ஒரு ஓடு போனால் விசிறி இதழ் வளைந்துவிடும், வெட்டும் பிளேடில் பட்டால் கல் மாதிரிப் பறந்து ஆளை அடிக்கும். உற்சவம் முடிந்த மறுநாள் வண்டியை எடுக்காதீர்கள். முதலில் பிள்ளைகளைக் கூட்டித் தேங்காய் ஓடுகளையும் கம்பியையும் கையால் பொறுக்கச் சொல்லுங்கள்.

கடைக்குப் போகுமுன் கோயில் பக்கவாசலின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். 42 அங்குல ஸ்வீப்பர் என்றால் பிரஷின் அகலம்தான் 42 அங்குலம். சக்கரம் அதற்கு வெளியே நிற்கும். சில வருடங்களுக்கு முன் ஒரு பள்ளித் திடலுக்கு ஸ்வீப்பர் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவன் நான். அளவையெல்லாம் சரியாகப் பார்த்தேன், உதிரிப்பாகத்தைக் கேட்கவில்லை. இரண்டாம் வருடம் சக்கரத்துக்குள் இருக்கும் சிறிய பல்சக்கரம் தேய்ந்தது. விற்ற கடையில் அது இல்லை, வரவழைக்கவும் முடியாது என்றார்கள். நல்ல நிலையில் இருந்த வண்டி அந்த ஒரு பல்லுக்காகக் கொட்டகையில் கிடந்ததை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. அதனால் சொல்கிறேன்: வாங்கும் அன்றே ஒரு ஜோடி பல்சக்கரமும் ஒரு செட் பிரஷும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

முடிந்தால் கடைக்காரரை உங்கள் திடலுக்கே கொண்டுவந்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். காலை ஒன்பது மணிக்கு, பனி காயுமுன் வரச் சொல்லுங்கள். பிரஷின் நுனி புல்லுக்குள் அரை அங்குலம் இறங்கும்படி உயரத்தை வைக்க வேண்டும். ஆழமாக இறக்கினால் பிரஷ் தேயுமே தவிர, கூடுதலாக அள்ளாது.

அள்ளிய இலையை மூலையில் குவித்துக் கொளுத்தும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். மலேசியாவின் 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்படி திறந்தவெளி எரிப்பு குற்றம், அபராதமும் சிறியதல்ல. மூன்று கூடை காய்ந்த இலைக்கு ஒரு கூடை பச்சைக் கழிவு என்று அடுக்கி உரமாக்குங்கள். நூல் நீக்கிய பழைய மாலை, அன்னதான வாழையிலை இரண்டும் அந்தப் பச்சைப் பங்குக்குப் பொருத்தமானவை. ஸ்வீப்பரின் துணித் தொட்டியை வேலை முடிந்ததும் கவிழ்த்து வையுங்கள். துணி மடிப்பில் தேங்கும் மழைநீர் ஏடிஸ் கொசுவுக்குப் போதும்.

இன்னொன்று. பேகரோ வேறு எதுவோ, பிடிஓ தண்டில் (டிராக்டர் இன்ஜினின் சக்தியைக் கருவிக்குக் கொடுக்கும் சுழல் தண்டு) ஓடும் கருவியை என்றாவது வாங்கினால், வேட்டி கட்டியவர், தோளில் துண்டு போட்டவர் யாரையும் பக்கத்தில் விடாதீர்கள். அந்தத் தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு ஒன்பது. துணி நுனி சிக்கியது தெரிவதற்குள் ஆளை இழுத்துவிடும். தண்டின் மேல் பிளாஸ்டிக் உறை இல்லாமல் ஓட்டவே கூடாது. குழாய் அடைத்தால் இன்ஜினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

கேள்வி: பாலிக் புலாவில் மலைச்சரிவில் டுரியான், ஜாதிக்காய்த் தோட்டம். ஜப்பானிலிருந்து வந்த பழைய டிராக்டர் ஒன்று மலிவாகக் கிடைத்தது. இலை அள்ள எதை மாட்டலாம்?

பதில்: சரிவில் எதையும் இழுக்காதீர்கள் அண்ணே. காலி வண்டி ஒன்றும் செய்யாது, நிறைந்த வண்டி இறக்கத்தில் டிராக்டரையே தள்ளும். தோட்டத்து இலை தோட்டத்துக்கே போகட்டும். மரத்தடியில் மூடாக்காகப் பரப்புங்கள், ஆனால் டுரியான் அடிமரத்தை ஒட்டிக் குவிக்காதீர்கள். ஈரம் தங்கினால் அங்கே பைட்டோப்தோரா அழுகல் நோய் பிடிக்கும். டிராக்டரைப் பற்றி ஒரு எச்சரிக்கை: ஜப்பான் சந்தைக்குச் செய்த பல பழைய மாடல்களில் பிடிஓவுக்கு மூன்று, நான்கு வேகம் உண்டு. 540-க்குச் செய்த கருவியை அதற்கு மேல் உள்ள வேகத்தில் போட்டுவிட்டால் கருவி உடையும்.

கேள்வி: தாசேக் குளுகோரில் அரை ஏக்கர் வீட்டு நிலம். உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டிக்குப் பேகர் வாங்கினேன். என் வண்டியின் மாடலைச் சொல்லி, படமும் அனுப்பி, பொருந்தும் என்று கடைக்காரர் சொன்ன பிறகுதான் பணம் கட்டினேன். குழாய் டெக்கில் சரியாக உட்காரவில்லை, புல் எல்லாம் வெளியே கொட்டுகிறது. திருப்பி எடுக்க மாட்டோம் என்று பில்லில் அச்சிட்டிருக்கிறதாம். நான் என்ன செய்வது?

பதில்: பில்லில் அப்படி அச்சிட்டுவிட்டால் சட்டம் ஓடிப்போய்விடாது. 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு உங்களுக்காகவே எழுதியது போல இருக்கிறது. என்ன தேவைக்கு வாங்குகிறோம் என்று விற்பவருக்குத் தெரியப்படுத்தி, அவர் சொல்லை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும். உதிரிப்பாகம் நியாயமான அளவில் கிடைக்கச் செய்வதைப் பற்றியும் 37-ஆம் பிரிவு இருக்கிறது. (மேலே கேட்ட கோயில் நண்பருக்கு: சட்டம் வீட்டுத் தேவைக்கான பொருட்களை மனத்தில் வைத்தது. டிராக்டர் சாமானுக்கு அது செல்லாது என்று கடைக்காரர் வாதாடலாம். அதனால் ‘ஈரமான கௌ கிராஸ் திடலுக்கு, இந்த மாடல் டிராக்டருக்கு’ என்று பில்லிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.)

முதலில் கடைக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுங்கள், பதில் சொல்ல 14 நாள் என்று நீங்களே தேதி குறியுங்கள். பலன் இல்லாவிட்டால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி (ரிங்கிட்), 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை விசாரிப்பார்கள், மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். வழி தெரியாவிட்டால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் கேளுங்கள், தமிழிலேயே பேசலாம். மன்றத்தில் வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடியாது, கடைக்காரரும் வைத்துக்கொள்ள முடியாது. நீங்கள் அனுப்பிய படம், அவர் பொருந்தும் என்று எழுதிய வாட்ஸ்அப் பதில், பில், புல் கொட்டுவதைக் காட்டும் இரண்டு மூன்று படங்கள் எல்லாவற்றையும் இன்றே அச்செடுத்து ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். போன் தொலைந்தால் அந்தப் பதிலும் அதோடு போய்விடும்.