ஷோவாவா சான்கேவா? வாங்கும்போது இருந்த கருப்பு எங்க போச்சு?

கோய் கார்ப் வளர்க்குற ஒரு தம்பி ரெண்டு போட்டோவோட கேள்வி அனுப்பியிருக்காரு. மொட்டை மாடில 1500 லிட்டர் சிமென்ட் தொட்டி, போர் தண்ணி, ஒன்பது கோய் (ஷோவா, சான்கே ரெண்டுமே கோய்ல சிவப்பு வெள்ளை கருப்பு மூணும் கலந்து வர்ற ரகம்). அதுல ஒன்னு நாலு இன்ச்ல இருக்கும்போது "ஜப்பான் ஷோவா"னு சொல்லிக் கொடுத்தது, அப்போ சிவப்பு வெள்ளை கருப்பு மூணும் பளிச்சுனு இருந்துச்சாம். எட்டு மாசத்துல மீன் ஒன்பது இன்ச் ஆகிருச்சு, கருப்பு மட்டும் வெளுத்து சாம்பலாயிருச்சு. பார்த்த ஃப்ரெண்டு ஒருத்தர் இது ஷோவாவே இல்ல சான்கேன்றாரு, இன்னொருத்தர் சாயம் ஏத்தி வித்துட்டாங்கன்றாரு. "நான் ஏமாந்துட்டேனாண்ணே, கலர் தீவனம் போட்டா கருப்பு திரும்புமா?"

தம்பி, நீங்க ஏமாறல. கண்ணாடி மீனுக்கு ஊசில சாயம் ஏத்தி விக்குறது உண்டுதான், ஆனா உங்க மீன்ல நடக்குறது அது இல்ல. கருப்பு வெளுத்துப் போகல, தோலுக்கு அடியில இறங்கியிருக்கு. போட்டோவ நல்லா பெருசு பண்ணி மூக்குக்கு மேல பாருங்க, நோட்டு பேப்பர்ல பின்பக்கம் இங்க் ஊறி தெரியுமே, அந்த மாதிரி நீலம் கலந்த சாம்பல் பட்டை ஒன்னு நெத்தியைக் கடந்து தோள் வரைக்கும் போகுது. செவுளுக்குப் பின்னாடி இருக்குற துடுப்பு ரெண்டும் உடம்போட சேர்ற இடத்துல அரை வட்டமா அதே சாம்பல். ரெண்டுமே ஷோவாவோட அடையாளம். சான்கேவுக்கு தலையில கருப்பு வராது, துடுப்புல வந்தாலும் கோடு கோடா வருமே தவிர அடியில இப்படி திட்டா உட்காராது, உடம்புலயும் முதுகுப் பக்கம் மேலோட நின்னுக்கும். ஷோவாவுல கருப்பு வயித்துப் பக்கம் வரைக்கும் சுத்திக்கிட்டு இறங்கும்.

இதை சும்மா மனப்பாடம் பண்ணா பத்து நாள்ல மறந்துரும், எங்க இருந்து வந்ததுனு தெரிஞ்சா மறக்காது, அதனால கொஞ்சம் ஜப்பானுக்குப் போய்ட்டு வரலாம். நீகாட்டா மாகாணத்துல யமகோஷி, ஒஜியானு மலை ஊருங்க. ஆள் உயரத்துக்கு மேல பனி கொட்டுற பக்கம், அந்தக் காலத்துல குளிர்காலம் வந்தா வெளியுலகத் தொடர்பே இருக்காது. படிப்படியா வெட்டின வயல், அதுக்குத் தண்ணி விட சின்னச் சின்னக் குளம், அந்தக் குளத்துல சாப்பாட்டுக்குன்னு கருப்பு கெண்டை வளர்த்தாங்க. 1800கள் ஆரம்பத்துல அதுல ஒன்னு ரெண்டு சிவப்பா, வெள்ளையா பிறக்க, குழம்புல போடாம தனியா எடுத்து வச்சாங்க பாருங்க, அங்க ஆரம்பிச்சதுதான் இது எல்லாம். வெளியூர்க்காரங்க கண்ணுல பெருசா பட்டது 1914ல டோக்கியோவுல நடந்த கண்காட்சியிலதான், அப்போ பட்டத்து இளவரசரா இருந்த ஹிரோஹிட்டோவுக்கும் சில மீன் போச்சு. ஜப்பான்காரங்க இதை நிஷிகிகோய்ம்பாங்க, நிஷிகின்னா ஜரிகை நெசவு, நம்ம பாஷையில பட்டுக் கெண்டைன்னே சொல்லலாம், எனக்கு அந்தப் பேர்தான் பிடிக்கும்.

சான்கேயோட முழுப்பேர் தைஷோ சான்கே, ஷோவாவோடது ஷோவா சான்ஷோகு. தைஷோவும் ஷோவாவும் மீனோட நிறம் இல்ல, அந்தந்த காலத்து மன்னர் ஆட்சியோட பேர். தைஷோ 1912ல இருந்து 1926, அதுக்கு அப்புறம் ஷோவா. கொஹாக்கு வம்சத்துல, அதாவது வெள்ளை உடம்புல சிவப்பு இருக்குற மீன்ல, கருப்புப் புள்ளியும் சேர்ந்து வந்தது சான்கே. ஷோவா வேற கதை. 1927ல ஹோஷினோ ஜுகிச்சினு ஒரு வளர்ப்பாளர், கருப்பு உடம்புல மஞ்சள் திட்டு இருக்குற கி உட்சுரியையும் கொஹாக்குவையும் சேர்த்து எடுத்தாரு. ஆக சான்கே வெள்ளை மீன் மேல கருப்பு தெளிச்சது, ஷோவா கருப்பு மீன் மேல சிவப்பும் வெள்ளையும் போர்த்தினது. கேக்க ஒன்னு மாதிரி இருக்கும், ஆனா உங்க கேள்விக்கு பதிலே இதுலதான் இருக்கு.

ஏன்னா ஷோவா குஞ்சு முட்டையில இருந்து வரும்போதே கருப்பாத்தான் வரும். வளர்ப்பாளருங்க பொரிச்ச சில நாள்லயே உட்கார்ந்து, கண்ணுக்கே சரியா தெரியாத அந்தக் குஞ்சுங்கள்ல கருப்பை மட்டும் வச்சுக்கிட்டு வெளிறினதை எல்லாம் கழிச்சிருவாங்க. லட்சக்கணக்குல பொரிக்கும், சீசன் முடியும்போது தேறுறது சொற்பம். அந்த முதல் கருப்பு மேல போகப் போக சிவப்பும் வெள்ளையும் எழும்பி வரும், கருப்பு உள்ள அமுங்கும், திரும்ப வேற இடத்துல மேல வரும், இந்த ஏறி இறங்குற ஆட்டம் ரெண்டு மூணு வருஷம்கூட நடக்கும். நாலு இன்ச்லயே கருப்பு அச்சடிச்ச மாதிரி முழுசா இருக்குற ஷோவாவை அனுபவஸ்தங்க யோசிச்சுதான் எடுப்பாங்க, அவங்க தேடுறது உங்க மீன்ல இப்போ தெரியுதே, அந்த அடியில காத்துக்கிட்டிருக்குற சாம்பல்தான். அது ஒரு நாள் மேல வந்தா புதுக் கருப்பா, தார் மாதிரி வரும். எல்லா மீன்லயும் வந்தே தீரும்னு வாக்கு கொடுக்க முடியாது, அப்பன் ஆத்தா யாருங்கறதைப் பொறுத்தது.

இனி உங்க கையில இருக்குறதைப் பேசுவோம். கருப்பை உள்ள தள்ளுறது முக்கியமா ரெண்டு, சூடும் மன உளைச்சலும் (மீனுக்கும் உண்டு). போர் தண்ணி உப்பா இருக்கேனு கவலைப்பட்டிருக்கீங்க, கடினத் தண்ணியில கருப்பு பொதுவா நல்லாத்தான் ஏறும், ஓவரா போனா சிவப்பு மேல மிளகு தூவின மாதிரி பொடிப்புள்ளி வரும், அவ்வளவுதான். உங்க பிரச்சனை மொட்டை மாடி வெயில். 20 டிகிரி தண்ணியில லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் நிக்கும், 30 டிகிரி ஆனா ஏழரைதான், அதே நேரம் சூட்டுல மீன் மூச்சு அதிகமா வாங்கும், அப்போ கணக்கு எப்படி ஒத்துப்போகும்? முதல்ல தொட்டி மேல பச்சை நிழல்வலை கட்டுங்க, ஏர் பம்ப் ராத்திரியும் ஓடட்டும், ராத்திரி நிறுத்துறதுதான் நிறைய பேர் பண்ற தப்பு. வாரத்துக்கு 15 சதவீதம் தண்ணி மாத்துங்க. அம்மோனியா, நைட்ரைட் ரெண்டையும் பார்க்குற டெஸ்ட் கிட் வாங்கிருங்க, மீன் கழிவால தண்ணில சேர்ற விஷம் அது, ரெண்டும் பூஜ்யமா இருக்கணும். கருப்போட சேர்ந்து சிவப்பும் மங்கி, வெள்ளைத் தோல்ல மெல்லிசா ரத்த நரம்பு தெரிஞ்சா அது வளர்ற ஆட்டம் இல்ல, தண்ணி கெட்டிருக்குனு அர்த்தம், அன்னைக்கே தீவனத்தை நிறுத்திட்டு தண்ணி மாத்துங்க.

கலர் தீவனம் கருப்புக்கு ஒன்னும் பண்ணாது. ஸ்பைருலினா, அஸ்டாஸாந்தின் எல்லாம் சிவப்புக்கு, அதையும் அள்ளிப் போட்டா வெள்ளை மஞ்சளடிச்சிரும், ஷோவாவுக்கு வெள்ளை அழுக்கானா அழகே போச்சு. சாதா தீவனமே போதும்.

ஒன்பது மீன் விஷயத்துல மட்டும் கண்டிப்பா சொல்லணும், உங்க மனசு கஷ்டப்பட்டாலும் பரவால்ல. இது தொட்டி மீன் இல்ல தம்பி, ரெண்டு அடிக்கு மேல வளர்ற கெண்டை. 2018ல ஹிரோஷிமாவுல 20 கோடியே 30 லட்சம் யென்னுக்கு ஏலம் போன கொஹாக்கு ஒரு மீட்டர் நீளம். மீனுக்கு ஆயிரம் லிட்டர்னு ஒரு பழக்கக் கணக்கு இருக்கு, அதுபடி உங்க தொட்டி ஒன்னு ரெண்டுக்குத்தான் தாங்கும். யமகோஷில இன்னமும் குஞ்சை வெயில் காலம் முழுக்க மலைமேல களிமண் குளத்துல விட்டுட்டு, பனி விழறதுக்கு முன்னாடி அக்டோபர்லதான் பிடிப்பாங்க. 2004 அக்டோபர் 23 நிலநடுக்கம் சரியா அந்த நேரத்துல வந்துச்சு, குளங்க உடைஞ்சு, ரோடு அறுந்து, ஊர் சனம் முழுக்க ஹெலிகாப்டர்ல வெளியேற, பின்னால தாய் மீன்களையும் ஹெலிகாப்டர் வச்சே தூக்கிட்டு வந்தாங்க. அந்த வம்சம் அப்படி காப்பாத்தப்பட்ட வம்சம். அதனால குளம் வச்சிருக்குற யாருக்காவது ஏழு எட்டு மீனைக் கொடுத்துருங்க, ஷோவாவை வச்சுக்கோங்க.

மார்கழி தை குளிர்ல தண்ணி இறங்கினதும் ஒரு நாள் காலையில அதே மீனை வெள்ளை பேசின்ல தண்ணியோட எடுத்து, நிழல்ல வச்சு, மேல இருந்து நேரா போட்டோ எடுங்க. இப்போ அனுப்பினதுக்குப் பக்கத்துல வச்சு அந்த மூக்குப் பட்டை எவ்வளவு கருத்திருக்குனு பாருங்க, அப்புறம் எனக்கும் அனுப்புங்க.