கிணற்றில் இறங்கிய செம்மண்

கேள்வி: எங்கள் வீட்டுக்கு மேற்பக்க மனையில், 10 சென்ட், ஜேசிபி வைத்துச் சமன் செய்தார்கள். ஒரே மழையில் செம்மண்ணும் சிமெண்ட் பாலும் கிணற்றில் இறங்கிவிட்டன. என்ன செய்வது?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: படித்ததும் மனசு கனத்துவிட்டது, அம்மா. மழை குறைந்த நம் கிழக்குப் பாலக்காட்டில் கிணறுதானே உயிர்! சித்தூரில் 20 வருஷம் கட்டட வேலை பார்த்தவன் நான். 10 சென்ட் என்றால் சுமார் 405 சதுர மீட்டர். 20 மில்லிமீட்டர் மழைக்கே 8,000 லிட்டர் விழும். புல் இருந்தவரை மண் குடித்த தண்ணீர், இப்போது மண்ணையே வாரிக்கொண்டு ஓடுகிறது.

மனையின் தாழ்ந்த ஓரத்தில் வரப்பு போட்டு, உட்புறம் நீளக் குழி வெட்டச் சொல்லுங்கள். வண்டல் அங்கே படிந்து, தெளிந்த நீர்தான் வெளியே வரணும். ஒவ்வொரு மழைக்கும் பிறகு வண்டலை அள்ள வேண்டும்; இதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். மணலுக்குத் தார்ப்பாய் போதும். ஆனால் சிமெண்ட் கலவை கழுவிய நீரின் காரத்தன்மை, வண்டல் படிந்தாலும் போகாது, அதற்குத் தனித் தொட்டிதான்.

கிணற்றை இறைத்துக் குளோரின் போடுங்கள். தண்ணீரைப் பரிசோதிக்கும்வரை குடிக்காதீர்கள். அப்புறம், போட்டோவோடு பஞ்சாயத்தில் எழுதிக் கொடுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் அந்தக் குழி வந்தாக வேண்டும்.