சாப்பிட்ட உடனே மோஷன் வருதே, சத்து உடம்புல ஒட்டுமா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயசு 29. காலைல சாப்பிட்டு கை கழுவுறதுக்குள்ள மோஷன் வந்துடுது. சாப்பிட்டதெல்லாம் அப்படியே வெளிய போயிடுதா? பெருங்குடல்ல கோளாறா?

பதில்: அப்படியே வெளிய போக வழியே இல்லைங்க. இப்ப சாப்பிட்டது இன்னும் இரைப்பையிலதான் கிடக்கு, அங்க சில மணி நேரம் அரைபட்டு, சுமார் 6 மீட்டர் சிறுகுடலைத் தாண்டி, அப்புறம்தான் பெருங்குடலுக்கே வரணும், அங்க இன்னும் ஒரு நாளோ அதுக்கு மேலயோ ஆகும். இப்ப நீங்க போறது நேத்தோ முந்தாநாளோ சாப்பிட்டது.

இரைப்பை நிரம்பினதும் நரம்பு வழியா பெருங்குடலுக்கு 'இடத்தை காலி பண்ணு'னு சிக்னல் போகுது, உடனே அது பெருசா சுருங்கி உள்ள இருக்கறதை மலக்குடலுக்குத் தள்ளிவிடுது. காலைல இது கொஞ்சம் ஜாஸ்தி. கைக்குழந்தை பால் குடிச்ச கையோட போகுதே, அதே கதைதான். சிலருக்கு டென்ஷன்லயும் கூடும்.

பேருதான் பெருங்குடல், நீளம் ஒன்றரை மீட்டர்தான், அகலத்தாலதான் அந்தப் பேரு. வலது அடிவயித்துல, குடல்வால் தொங்குற இடத்துல ஆரம்பிச்சு மேல ஏறி, குறுக்க இடது பக்கம் போய், கீழ இறங்கும், தலைகீழா வச்ச 'ப' மாதிரி. கடைசில ஒரு வளைவு, அப்புறம் மலக்குடல். சத்தையெல்லாம் பெரும்பாலும் சிறுகுடலே எடுத்துடும், அதனால அந்தக் கவலை வேண்டாம். பெருங்குடலுக்கு வர்றது தினம் ஒன்றரை லிட்டர் போல கூழ்த் தண்ணி, அதுல 100, 200 மில்லி தவிர மிச்சத்தை உறிஞ்சிடும். ஜீரணமாகாத நார்ச்சத்தை அங்க இருக்கற பாக்டீரியாக்கள் புளிக்க வைக்கும், அதுல வர்ற அமிலம்தான் பெருங்குடல் செல்களுக்கே சாப்பாடு, கொஞ்சம் விட்டமின் கே-யும் கிடைக்கும். கேஸும் வரும், அதுக்கு வெட்கப்பட ஒண்ணுமில்ல.

ஒண்ணு மட்டும், வர்றப்ப அடக்காதீங்க, தங்கத் தங்க தண்ணி உறிஞ்சி இறுகிடும். நாளைக்கு மூணு தடவைல இருந்து வாரத்துக்கு மூணு தடவை வரைக்கும் நார்மல்தான். ரத்தம் வந்தாலோ, எடை குறைஞ்சாலோ, ராத்திரி தூக்கத்துல எழுப்பினாலோ, திடீர்னு பழக்கம் மாறி சில வாரமா அப்படியே இருந்தாலோ, நேர்ல போய் டாக்டர்கிட்ட காட்டிடுங்க.