கார் கதவின் ஆம்ரெஸ்ட் உறை உரிகிறது. வீட்டிலேயே மாற்றலாமா, குஷன் கடைக்குத்தான் கொடுக்க வேண்டுமா?

தாராளமாக வீட்டிலேயே மாற்றலாம். கேள்வி கேட்டவர் கொழும்பில் பதினைந்து வருடப் பழைய கார் வைத்திருக்கிறார். கதவில் கை வைக்கும் இடத்து ரெக்சின் செதில் செதிலாக உரிகிறதாம். நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். எங்கள் டொயோட்டா அலியனின் இரண்டு முன்கதவுகளுக்கும் இதே வேலையை நானே செய்தேன். தச்சுவேலையோ தையலோ எனக்குத் தெரியாது. அதனால் உங்களாலும் முடியும் என்று துணிந்து சொல்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பம்பலப்பிட்டி கதிரேசன் கோவில் வாசலில் அம்மா காரை விட்டு இறங்கினார். மாம்பழ நிறச் சேலை, முந்தானை முழுக்கக் கறுப்புச் செதில்கள். தட்டினால் விழவில்லை, தேய்த்தால் இன்னும் பரவியது. அம்மா ஒன்றும் சொல்லாமல் முந்தானையை மறுபக்கமாக மடித்துக்கொண்டு உள்ளே போனார். எனக்கு மனசு கேட்கவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்துவிட்டார்கள். இப்போது வரும் கார்களின் விலை நமக்கு எட்டாது. இருக்கிற காரை வடிவாக வைத்திருப்பதுதான் வழி.

முதலில் உங்கள் உறை ஏன் போனது என்று பாருங்கள். மேல்தோல் மெல்லிய செதிலாகக் கழன்று கீழே துணி தெரிந்தால் அது பொலியுரேத்தேன் பூசிய செயற்கைத் தோல். காற்றின் ஈரமே அந்தப் பூச்சைச் சிதைத்துவிடும். கொழும்பின் புழுக்கத்தில் அதற்கு ஆயுள் குறைவு. செதில் இல்லாமல் விறைத்துப்போய் வெடித்திருந்தால் அது பிவிசி ரெக்சின். அதை மென்மையாக வைத்திருந்த எண்ணெய்ப் பொருள் வெயிலில் வெளியேறிவிட்டது. ஓட்டுநர் பக்கம் எப்போதும் முதலில் போவதற்கும் காரணம் உண்டு. பின்னேரம் மரைன் டிரைவ் வழியாகத் தெற்கே வீடு திரும்பும்போது கடல் வலப்பக்கம். மேற்கு வெயில் முழுதும் அந்தக் கதவில்தான் விழும். அதற்கு மேல் கை வியர்வை. செதிலாக உரிகிற பழைய தோலின் மேல் எதையும் ஒட்டாதீர்கள். புதியது பழையதோடு சேர்ந்து கழன்று வரும்.

இணையத்தில் விற்கும் ஆயத்த உறைகளை வாங்க நினைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். பல உறைகள் இடப்பக்கம் ஸ்டியரிங் உள்ள நாடுகளுக்காக வெட்டப்பட்டவை. நான்கு கண்ணாடிக்குமான சுவிட்ச் அங்கே இடது கதவில், நமக்கு வலது கதவில். சுவிட்சுக்கான துளை தவறான கதவில் வந்து நிற்கும்.

நான் புறக்கோட்டையில் ரெக்சின் விற்கும் கடையில் அரை மீட்டர் வாங்கினேன். சுருளின் அகலம் 54 அங்குலம், நான்கு கதவுக்கும் காணும். நிறத்தைவிட முக்கியமானது இழுவை. துண்டைக் கையில் எடுத்து நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இழுத்துப் பாருங்கள். பின்பக்கம் பனியன் துணி மாதிரிப் பின்னல் இருந்தால் இரண்டு பக்கமும் இழுபடும், வளைவில் படியும். நெய்த துணி இருந்தால் இழுபடாது, மூலையில் சுருக்கம் விழும். சோபாவுக்கு விற்கும் தடித்த ரெக்சின் இதற்குச் சரிவராது, ஒரு மில்லிமீட்டர் தடிப்புப் போதும். பசையும் சூடு தாங்கும் வகையாக இருக்க வேண்டும். வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் வெயில் படும் இடங்கள் 60 பாகை செல்சியஸைத் தாண்டும். செருப்புத் தைப்பவர்கள் பூசும் சாதாரண மஞ்சள் பசை அந்தச் சூட்டில் இளகி, விளிம்புகள் எழும்பிவிடும்.

கதவின் உள்பலகையைக் கழற்ற எல்லோரும் பயப்படுகிறார்கள். எனக்கும் பயம் இருந்தது. கண்ணாடியை முழுதாக ஏற்றிவிட்டு, சாவியை எடுத்து, பேட்டரியின் மைனஸ் கம்பியைக் கழற்றிச் சில நிமிடம் பொறுங்கள். சில கார்களில் பக்க ஏர்பேக்குக்கான உணரி கதவுக்குள்ளேயே இருக்கும், அதனால் இந்தப் படியை விடக் கூடாது. பெரும்பாலும் ஒரு ஸ்குரூ கதவைத் திறக்கும் கைப்பிடிக்குப் பின்னாலும், இன்னொன்று இழுத்து மூடும் குழிக்குள் சிறு மூடியின் அடியிலும் ஒளிந்திருக்கும். அவை வந்த பிறகு கீழ் மூலையில் பிளாஸ்டிக் நெம்பியை நுழைத்து ஒவ்வொரு கிளிப்பாக விடுவியுங்கள். வெறும் ஸ்குரூ ட்ரைவரால் நெம்பினால் பெயின்டில் கீறல் விழும். கடைசியில் பலகையை மேல்நோக்கித் தூக்கினால் கண்ணாடி விளிம்பிலிருந்து வந்துவிடும். உடனே இழுத்துவிடாதீர்கள், பின்னால் சுவிட்ச் வயரும் கைப்பிடிக் கேபிளும் இருக்கின்றன. பழைய கிளிப்புகளில் இரண்டு மூன்று கட்டாயம் உடையும். உடைந்ததைக் கையில் எடுத்துக்கொண்டு, வாகன உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தைக்குப் போங்கள். மாதிரியைக் காட்டினால் ஒரு நிமிட வேலை, வாயால் விளக்கினால் தவறானதுதான் கிடைக்கும்.

பலகைக்குப் பின்னால் கறுப்புப் பசையால் ஒட்டிய பிளாஸ்டிக் தாள் ஒன்று தெரியும். அதைக் கிழிக்க வேண்டாம். மழை நீர் கண்ணாடி இடுக்கு வழியாகக் கதவுக்குள் இறங்கி, அடியில் உள்ள துளைகளால் வெளியே போகும். அது காருக்குள் வராமல் தடுப்பது இந்தத் தாள்தான்.

ஆம்ரெஸ்ட் துண்டு பலகையின் பின்பக்கமிருந்து பொருத்தப்பட்டிருக்கும். ஸ்குரூவால் என்றால் அதிர்ஷ்டம். சில கார்களில் பிளாஸ்டிக் முளைகளை உருக்கி அமுக்கியிருப்பார்கள். அப்படியானால் கழற்றாமல் விடுங்கள். பழைய தோலை இருந்த இடத்திலேயே உரித்து, புதிய ரெக்சினின் விளிம்பைச் சுற்றியுள்ள இடுக்குக்குள் தட்டையான பிளாஸ்டிக்கால் செருகி ஒட்டலாம்.

இனிமேல்தான் பொறுமை வேண்டும். பழைய உறையைக் கிழித்து எறியாதீர்கள், உங்களுக்குக் கிடைக்கப்போகும் ஒரே அளவு அதுதான். நான் ஹெயார் ட்ரையரால் விளிம்பைச் சூடாக்கி அங்குலம் அங்குலமாக உரித்தேன். அடியிலிருந்த ஸ்பொஞ்ச் மஞ்சள் பொடியாகி விரல் ரேகைக்குள் ஏறிக்கொண்டது. மூக்கை மூடிக்கொள்ளுங்கள். எனக்கு அந்த ஒரு துண்டுக்கே ஒரு மணி நேரம் ஆனது. பழைய பசையை எடுக்கத் தின்னர் பாவிக்க வேண்டாம், பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும். ஐசோப்ரொப்பைல் அல்ககோலும் பழைய பனியன் துணியும் போதும். ஸ்பொஞ்ச் போயிருந்தால் 3 மில்லிமீட்டர் புதியது ஒட்டுங்கள், அதற்கு மேல் தடித்தால் துண்டு திரும்பக் குழிக்குள் உட்காராது.

உரித்த தோலைப் புதிய ரெக்சினின் பின்பக்கத்தில் விரித்து, சுற்றிலும் இரண்டு சென்டிமீட்டர் கூடுதலாக விட்டுக் கோடு போட்டு வெட்டுங்கள். வலது கதவும் இடது கதவும் கண்ணாடிப் பிம்பம் மாதிரி, மற்றக் கதவுக்கு அளவைத் திருப்பிப் போட வேண்டும். நான் அப்படியே வைத்து வெட்டி ஒரு துண்டை வீணாக்கினேன்.

பசையில்தான் எனக்குப் பெரிய அடி விழுந்தது. ஒக்டோபர் மாதம், மத்தியானம் தாண்டி வானம் கறுத்துக்கொண்டு வந்தது. முடித்துவிடலாம் என்று பசையைப் பூசினேன். அது காயும்போது மேலே பால் ஏடு மாதிரி வெண்மையாகப் படர்ந்தது. அப்படியே ஒட்டிவிட்டேன். மறுநாள் காலையில் ஒரு பக்கம் முழுதும் எழும்பி நின்றது. பசையிலுள்ள கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிரும், காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அது பசையின் மேல் வியர்த்துப் படியும். ஈரம் இருக்கும் இடத்தில் ஒட்டாது. முழுவதையும் சுரண்டி எடுத்து, நான்கு நாள் பொறுத்து, நல்ல வெயில் காலையில் திரும்பச் செய்தேன். இரண்டு பரப்பிலும் மெல்லியதாகப் பூசி, விரலால் தொட்டால் நூல் இழுக்காத வரை, கிட்டத்தட்ட பத்து நிமிடம், காய விட்டேன். அப்புறம் நடுவில் ஒட்டி, அங்கிருந்து விளிம்பை நோக்கி உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டு போனேன். இந்தப் பசை ஒட்டினால் ஒட்டியதுதான், தூக்கித் திரும்ப வைக்க முடியாது. வாசனை தலையைச் சுற்ற வைக்கும், கதவு ஜன்னல் திறந்த இடத்தில், அடுப்பும் விளக்கும் இல்லாமல் செய்யுங்கள்.

வெளி மூலையில் வெட்டுப் போட வேண்டாம். ரெக்சினைச் சூடாக்கி இழுத்துச் சிறு சிறு கொசுவமாகப் பின்பக்கம் கொண்டுபோய், தடித்து நிற்பதை மட்டும் முக்கோணமாக வெட்டி எடுங்கள். உட்பக்க வளைவில் வெட்டாமல் படியாது. ஆனால் கத்தரி வெளியே தெரியும் விளிம்புக்கு 3 மில்லிமீட்டர் முன்னாலேயே நிற்க வேண்டும்.

திரும்ப மாட்டும்போது முதலில் வயரையும் கேபிளையும் கொழுவுங்கள். பிறகு பலகையின் மேல் விளிம்பைக் கண்ணாடி இடுக்கில் உட்கார வைத்து, கிளிப்புகளை உள்ளங்கையால் குத்துங்கள். ஸ்குரூ இறுக்கும் முன் பேட்டரியை இணைத்துக் கண்ணாடி, லொக், கைப்பிடி மூன்றையும் சோதியுங்கள். பிறகு துடைப்பதற்கு சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணி போதும்.

குஷன் கடையில் நான்கு கதவுக்கும் சேர்த்துக் கேட்ட தொகையில் ஐந்தில் ஒரு பங்கு கூட எனக்குச் செலவாகவில்லை. அம்மா இப்போது அந்தக் கதவில் கையை நன்றாக ஊன்றிக்கொண்டு வருகிறார். பின்கதவுகள் இன்னும் கெடவில்லை, அதனால் தொடவில்லை. அவற்றுக்கான ரெக்சின் அலுமாரியின் மேல் உருட்டியபடி இருக்கிறது. நீங்களும் மீதித் துணியை மடித்து வைக்காமல் உருட்டி வையுங்கள், மடித்த கோடு போகவே போகாது.