பட்ஜெட் வாசித்ததும் செலவு செய்யலாமா? அரசுக் கட்டணத்தை மட்டும் ஓட்டெடுப்பில்லாமல் எப்படி உயர்த்துகிறார்கள்?

பட்ஜெட் வாசித்ததும் செலவு செய்ய முடியாது. தமிழ்நாட்டை எடுத்துக்கொண்டால், நிதியமைச்சர் உரைக்குப் பிறகுதான் வேலையே. ஒவ்வொரு துறைக்கும் மானியக் கோரிக்கை, அதாவது அந்தத் துறையின் செலவுக்குப் பணம் கேட்கும் கோரிக்கை, சட்டமன்றத்துக்கு வரும். உறுப்பினர்கள் தொகையைக் குறைக்கலாம், மறுக்கலாம். கூட்ட முடியாது (அரசமைப்புச் சட்டம், பிரிவு 203). எதிர்க்கட்சி 100 ரூபாய் வெட்டுத் தீர்மானம் (கேட்ட தொகையில் 100 ரூபாயைக் குறைக்கச் சொல்வது) தருவது சேமிக்க அல்ல, துறையின் குறையைப் பேசத்தான். பெரும்பான்மை உள்ள அரசை அது அசைக்காது. கடன் வட்டி, ஆளுநர் சம்பளம் போன்றவற்றுக்கு விவாதம் உண்டு, வாக்கெடுப்பு கிடையாது. கடைசியில் பணத்தை எடுக்க அனுமதி தரும் நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவு நிறைவேறினால்தான் கஜானா திறக்கும்.

சரி, கட்டணம்? வரிக்குச் சட்டம் வேண்டும். கட்டணத்தையோ, ஏற்கெனவே உள்ள சட்டம் தந்த அதிகாரத்தை வைத்து அரசே மாற்றலாம். பத்திரப்பதிவைப் பாருங்கள்: 1908 பதிவுச் சட்டத்தின் 78-ஆம் பிரிவுப்படி கட்டணப் பட்டியலைப் போடுவது மாநில அரசு. அப்படித்தான் கிரயப் பத்திரத்துக்கான பதிவுக் கட்டணம் 2017-இல் 1 சதவீதத்திலிருந்து 4 ஆனது. 2023-இல் 2 ஆகக் குறைந்தது. குறைத்தார்களே என்று சந்தோஷப்பட வேண்டாம், கூடவே வழிகாட்டி மதிப்பை, அதாவது கட்டணம் கணக்கிட அரசு நிர்ணயிக்கும் சொத்து மதிப்பை, ஏற்றிவிட்டார்கள். பத்திரத்துக்குத் தனியாகக் கட்டும் முத்திரைத் தீர்வை வேறு கணக்கு. அது வரி, அதை உயர்த்தச் சட்டத் திருத்தம் தேவை.