பழைய ராணுவப் பிஸ்டல்: விலை எதில் இருக்கிறது?

நெல்லித்தோப்பு: ஐயா, தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அவர் டிரங்குப் பெட்டியில் ‘1935 ஏ’ என்று பொறித்த பிஸ்டல் கிடக்கிறது. என்ன விலை போகும்?

பதில்: விலை அப்புறம். தாத்தா பேரில் லைசென்ஸ் இருந்ததா? இல்லையென்றால் வீட்டில் வைத்திருப்பதே 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். இன்றே ஒரு வக்கீலைப் பாருங்கள். இருந்தால், துப்பாக்கியை ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். பிறகு வாரிசுச் சான்றிதழோடும் மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதத்தோடும் உங்கள் பேருக்கு லைசென்ஸ் கேட்டு மனுப் போடலாம்.

வெளிநாட்டுச் சந்தையில் இந்த மாடல், ஜெர்மன் ராணுவப் பிஸ்டலான லூகர் அளவுக்கு விலை போகாது. இதன் 7.65 லாங் தோட்டா கிடைப்பது அரிது. சுட முடியாத துப்பாக்கிக்குப் போட்டி குறைவு. 7.65 பிரவுனிங், அதாவது பாயின்ட் 32, வேறு தோட்டா. அதன் பித்தளைக் கூடு சுமார் 3 மில்லிமீட்டர் குட்டை. பேர் ஒன்றுபோல இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள்.

வில்லியனூர்: துருவைத் தேய்த்துப் புதுசாகப் புளூயிங் (இரும்பின் மேல் நீல மெருகு) போட்டால் விலை ஏறுமா?

பதில்: இறங்கும். பஃப் (மெருகேற்றும் சக்கரம்) பிடித்தால் முத்திரை எழுத்தின் ஓரம் மழுங்கும், திருகுத் துளையைச் சுற்றிப் பள்ளம் விழும். பழைய லூகரில் டிரிகர் போன்ற சின்னப் பாகங்கள் வைக்கோல் மஞ்சளாக இருக்கும். லூகரைத் தயாரித்த மவுசர் கம்பெனி 1937-ல்தான் அதை நிறுத்தியது. அதற்கு முந்தையதில் எல்லாமே நீலமாக இருந்தால் பார்த்ததும் பிடித்துவிடுவார்கள். எண்ணெய், மெல்லிய துணி, அவ்வளவுதான். தோல் உறையைக் கழற்றித் தனியாக வையுங்கள். நம் கடல்காற்றின் ஈரத்தைத் தோல் உறிஞ்சி இரும்புக்குக் கொடுத்துவிடும்.

கடலூர் முதுநகர்: நம்பரெல்லாம் ஒத்துப்போனால் அசல்தானே?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. லூகரின் சின்னப் பாகங்களிலும் சீரியல் நம்பரின் கடைசி இரண்டு இலக்கம் இருக்கும். இரண்டாம் உலகப் போரில் ரஷ்யர்கள் கைப்பற்றியவற்றைக் கலைத்துப் பூட்டி, நம்பரை மாற்றிக் குத்தி, மேலே புளூயிங்கும் போட்டார்கள். குத்திய எழுத்தின் வடிவத்தையும் ஆழத்தையும் ஒப்பிடுங்கள். மேகஸின் (தோட்டா அடுக்கும் பெட்டி) நம்பரும் அசலாக ஒத்துவந்தால் அது பெரிய யோகம்.

நெல்லிக்குப்பம்: அமெரிக்காவில் தங்கள் ராணுவத்தின் பழைய 1911 மாடல் பிஸ்டலை அரசு வழியாகவே விற்றார்களாமே?

பதில்: ஆமாம், சிஎம்பி என்ற அமைப்பு மூலம் 2018-ல் தொடங்கியது. அப்போது தரத்தைப் பொறுத்து 1050, 950, 850 டாலர். தபாலில் மனு, குலுக்கல் முறையில் வரிசை; எந்தக் கம்பெனி தயாரிப்பு கைக்கு வரும் என்பது அதிர்ஷ்டம். பெரும்பாலும் ராணுவப் பட்டறையில் பாகம் மாற்றியவை, ஆகவே சேகரிப்பாளர் உச்ச விலை தரமாட்டார். தையல் மெஷின் சிங்கர் கம்பெனி செய்த 500-ல் ஒன்று என்றால் கதையே வேறு. நமக்கு எட்டாது, விற்பனை அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும்.

பாகூர்: சுடாத பழைய துப்பாக்கியைச் சுவரில் மாட்டலாமா?

பதில்: பழுதுபார்த்தாலும் சுட முடியாத நிலையில் உள்ள பழம்பொருளுக்கு ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவில் விலக்கு உண்டு. ‘ஸ்பிரிங் இல்லை, சுடாது’ என்பது அதில் சேராது, ஸ்பிரிங்கை மாற்றிவிடலாமே.