வீட்டுக்காரர் போட்ட கையெழுத்து செல்லுமா?

கேள்வி: அக்கா, எனக்கு 37 வயது. சென்னிமலைப் பக்கம் தறி ஓட்டுகிறோம். ஒரே பெண், ஏழாவது படிக்கிறாள். போன வருஷம் பங்குனியில் அடிவயிற்று வலி என்று கோவையில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். சினைப்பையில் நீர்க்கட்டி, சின்னத் துளை போட்டு எடுத்துவிடலாம் என்றார்கள். அதற்குத்தான் கையெழுத்துப் போட்டேன். எனக்கு மயக்க மருந்து கொடுத்த பிறகு ஒரு நர்ஸ் வெளியே வந்து, "உள்ள நிலைமை வேற மாதிரி இருக்குதுங்க, சீக்கிரம் போடுங்க" என்று என் வீட்டுக்காரரிடம் இன்னொரு தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார். கர்ப்பப்பை, இரண்டு சினைப்பை எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அவர் வாயே திறக்கவில்லை. தையல் பிரித்து வந்த அன்று நாத்தனார் மகள் டிஸ்சார்ஜ் சம்மரியைப் படித்துச் சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது. பில் 1,12,000 ரூபாய். போய்க் கேட்டால், "உங்க வீட்டுக்காரர்தானே சம்மதம் கொடுத்தாரு" என்கிறார்கள். அந்தக் கையெழுத்து செல்லுமா? கோர்ட்டுக்குப் போனால் கோடிக்கணக்கில் கிடைக்கும் என்கிறார்களே, நிஜமா? வீட்டுக்காரரிடம் நான் சரியாகப் பேசி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது.
(பெயர் வேண்டாம், சென்னிமலை)

பதில்: செல்லாது அம்மிணி. உயிர் போகிற அவசரம் இருந்தால் ஒழிய, செல்லாது.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஈரோட்டில் கறுப்புக் கோட்டு போடுவதற்கு முன்னால் பதினோரு வருஷம் நான் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். தாளை நீட்டி "சீக்கிரம் போடுங்க" என்று சொன்ன அந்தக் குரல் நானாகவும் இருந்திருக்கிறேன். காலை ஆறு மணிக்குத் தாலிக்கொடி, வளையல், கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றித் துணிப்பையில் போட்டு உறவுக்காரர் கையில் கொடுப்போம். அதற்கப்புறம்தான் சம்மதப் படிவத்தை நீட்டுவோம். கண்ணாடி போன பிறகு அவர் என்னத்தைப் படிப்பார்? படிவத்தில் ஆபரேஷன் பெயர் எழுத வேண்டிய இடம் பாதி நாள் காலியாக இருக்கும். பின்னால் நிரப்பிக்கொள்வோம். தப்பு என்று தோன்றியதே இல்லை. சட்டக் கல்லூரிக்குப் போன பிறகுதான் உறைத்தது.

உங்கள் கதையைப் போலவே டெல்லியில் ஒரு வழக்கு நடந்தது. வக்கீல்கள் சமீரா கோலி வழக்கு என்போம். 1995 மே மாதம், 44 வயதுப் பெண் ஒருவர், திருமணமாகாதவர், மாதவிலக்கு நிற்காமல் போகிறது என்று ஒரு கிளினிக்குக்குப் போனார். உள்ளே என்ன என்று கருவி விட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பிக்குக் கையெழுத்துப் போட்டார். அவர் மயக்கத்தில் இருக்கும்போது வெளியே இருந்த அம்மாவிடம் சம்மதம் வாங்கி, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். 25 லட்ச ரூபாய் கேட்டுத் தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார். 2003-ல் அங்கே தள்ளுபடி. விடாமல் உச்ச நீதிமன்றம் போனார். 2008 ஜனவரி 16-ல் தீர்ப்பு வந்தது.

நீதிமன்றம் சொன்னது இதுதான்: அவர் சிறு பிள்ளை அல்ல, சித்தம் கலங்கியவரும் அல்ல. கொஞ்ச நேரம் மயக்கத்தில் இருக்கிறார், அவ்வளவுதான். உயிருக்கு ஆபத்து இல்லாதபோது, அவர் கண் விழிக்கும்வரை காத்திருந்து அவரிடமே கேட்டிருக்க வேண்டும். அம்மாவின் கையெழுத்து மகளின் கையெழுத்தாகிவிடாது. ஒரு பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் பெரிய ஆபரேஷனுக்கும் சேர்த்துக் கொடுத்ததாகாது. சம்மதம் வாங்குமுன், என்ன செய்யப் போகிறோம், எதற்காக, வேறு வழி உண்டா, முக்கியமான ஆபத்துகள் என்ன, செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று சொல்லியிருக்க வேண்டும்.

"அது அம்மா, இது புருஷன் ஆச்சே" என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். மருத்துவ கவுன்சிலின் 2002 நெறிமுறைகளில், பிள்ளைப்பேறு இல்லாமல் போகக்கூடிய ஆபரேஷனுக்குக் கணவன் மனைவி இருவர் சம்மதமும் வேண்டும் என்று ஒரு விதி உண்டு. அதைத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். இருவர் என்றால் இருவர். உங்களை விட்டுவிட்டு அவர் ஒருவர் போதும் என்று அதில் இல்லை. ஆகவே அந்த விதி உங்கள் பக்கம்தான் பேசுகிறது.

இப்போது பணம். இங்கே உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன். டெல்லிப் பெண்ணுக்கு உச்ச நீதிமன்றம் கொடுத்தது 25,000 ரூபாய் இழப்பீடு. அதோடு மருத்துவர் கேட்ட கட்டணம் ரத்து. பதின்மூன்று வருஷம்! காரணம் இருக்கிறது. அவருக்கு நோய் இருந்தது, மருத்துவர் நல்லெண்ணத்தில்தான் செய்தார், செய்த ஆபரேஷனில் பிழை இல்லை என்று நீதிமன்றம் கருதியது. தப்பு, கேட்காமல் செய்தது மட்டும். 25,000 ரொம்பக் குறைவு என்பது என் சொந்தக் கருத்து. ஆனால் தீர்ப்பு அதுதான்.

கோடி என்று யாரோ சொன்னது கொல்கத்தா வழக்கை வைத்து இருக்கும். 2013-ல் உச்ச நீதிமன்றம் ஏறக்குறைய 6 கோடி கொடுத்தது. அது தவறான சிகிச்சையால் ஒரு பெண் இறந்துபோன வழக்கு. அதையும் இதையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

உங்கள் வழக்கில் தொகையை மாற்றக்கூடிய ஒரு தாள் இருக்கிறது. எடுத்த உறுப்புகளைப் பயாப்ஸிக்கு அனுப்பியிருப்பார்கள். அந்த ரிப்போர்ட்டை வாங்குங்கள். சினைப்பை நன்றாகத்தான் இருந்தது என்று அதில் வந்து, வேறொரு மகப்பேறு மருத்துவரும் "எடுத்திருக்கத் தேவையில்லை" என்று எழுதிக் கொடுத்தால், விஷயம் சம்மதத்தோடு நிற்காது, கவனக்குறைவும் சேரும். 37 வயதில் மாதவிலக்கு நின்றுபோனது, அதனால் வரும் உடம்புச் சூடு, தூக்கமின்மை, எலும்புக்கான மருந்துச் செலவு, தறியில் நிற்க முடியாமல் போன நாட்கள் எல்லாம் கணக்கில் ஏறும். மெடிக்கல் பில்லைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள்.

வழக்கைக் கோவையில்தான் போட வேண்டும் என்பதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஈரோடு மாவட்ட ஆணையத்திலேயே போடலாம். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க வசதி இல்லாவிட்டால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்டாலும் சொல்வார்கள். ஒன்றே ஒன்று: கெடு இரண்டு வருஷம். வரும் பங்குனியோடு முடிகிறது. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஏற்பார்கள்தான். ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள். பொங்கலுக்குள் மனு போய்விடட்டும்.

அப்புறம் உங்கள் வீட்டுக்காரர். தியேட்டர் கதவுக்கு வெளியே நிற்கிற ஆண்களைப் பதினோரு வருஷம் பார்த்திருக்கிறேன். கையில் பொண்டாட்டியின் வளையல் பை, எதிரே பச்சை உடுப்பில் ஒரு நர்ஸ், "சீக்கிரம்" என்ற ஒரு வார்த்தை. சொத்துப் பத்திரத்தை நீட்டினாலும் போட்டுவிடுவார்கள். உங்கள் வழக்கில் முக்கியமான சாட்சியும் அவர்தான். அன்றைக்கு எத்தனை மணிக்கு வந்தார்கள், என்ன சொன்னார்கள், தாளில் எழுத்து இருந்ததா காலியாக இருந்ததா என்று அவர் மட்டும்தான் சொல்ல முடியும். உட்கார வைத்துக் கேளுங்கள்.

கேள்வி: அப்பாவின் கேஸ் ஷீட் நகல் கேட்டால், "டிஸ்சார்ஜ் சம்மரி போதும், அதெல்லாம் தர மாட்டோம்" என்கிறார்கள்.
(ஒரு வாசகர், நாமக்கல்)

பதில்: தர வேண்டும். நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் என்று அதே 2002 விதிகள் சொல்கின்றன. வாயால் கேட்காதீர்கள். அப்பா கையெழுத்தோடு கடிதம் எழுதி, சேர்ந்ததற்கான ஒப்புகை கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். சிகிச்சை தொடங்கி மூன்று வருஷம் வரை அவர்கள் வைத்திருந்தாக வேண்டும், அதற்குள் கேளுங்கள். நகலில் சம்மதப் படிவம், மயக்க மருந்துக் குறிப்பு, நர்ஸ் குறிப்பு மூன்றும் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். விட்டுப்போவது பெரும்பாலும் நர்ஸ் குறிப்புதான். மணி போட்டு எழுதியிருப்பது அதில்தான்.

கேள்வி: நான் அறுவை சிகிச்சை மருத்துவர். வயிற்றைத் திறந்த பிறகு எதிர்பாராத ஒன்றைப் பார்த்தால், மூடி, எழுப்பி, கையெழுத்து வாங்கி, மறுபடி திறக்க வேண்டுமா? இரண்டு மயக்க மருந்தின் ஆபத்தை உங்கள் சட்டம் யோசித்ததா? எங்களை வில்லனாக்குவதே உங்கள் பத்திக்கு வேலையாகிவிட்டது.
(ஒரு மருத்துவர், தாராபுரம்)

பதில்: கோபம் நியாயம்தான் டாக்டர். ஆனால் நீதிமன்றம் அதை யோசித்திருக்கிறது. உயிரையோ உடல்நலத்தையோ காக்க உடனே செய்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் கெடுதி என்றால் செய்யலாம் என்று அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. உள்ளே ரத்தம் பீறிடும்போது யாரும் உங்களைப் பேனாவைத் தேடச் சொல்லவில்லை. "எப்படியும் ஒரு நாள் எடுக்க வேண்டியதுதானே, இப்போதே எடுத்துவிடலாம்" என்ற வசதிக்குத்தான் தடை. இன்னொரு வழியும் அதில் உண்டு. இப்படியும் இருக்கலாம் என்று நீங்கள் முன்னாலேயே சந்தேகப்பட்டால், பரிசோதனைக்கும் தேவைப்பட்டால் செய்ய வேண்டிய ஆபரேஷனுக்கும் சேர்த்தே சம்மதம் வாங்கிக்கொள்ளலாம். முந்தின நாள் மாலை ரவுண்ட்ஸில் பத்து நிமிஷம் போதும். அப்போது அவர் கண்ணாடி அவர் முகத்தில்தான் இருக்கும்.